பீன்கவுண்ட் கணக்கை ஏஜென்டிடம் கொடுத்தேன்: டூல் விளக்கம் எழுதிய அனுபவம்

சில வருடங்களாக என் வரவு செலவை பீன்கவுண்ட் என்ற கணக்கு மென்பொருளில் எழுதி வருகிறேன். சாதாரண எழுத்துக் கோப்புதான், ஆனால் இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பரிவர்த்தனையின் வரிகளையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இந்தக் கோப்பைப் படித்து என் கேள்விகளுக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் பதில் சொன்னால் நன்றாக இருக்குமே என்று எம்சிபி (ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலை வெளி நிரல்களோடு இணைக்கும் நெறிமுறை) முறையில் நான்கு டூல்கள், அதாவது மாடல் கூப்பிட்டுப் பயன்படுத்தும் சிறு நிரல்கள், எழுதினேன்: கணக்குகளின் பட்டியல், இருப்பு, பரிவர்த்தனைத் தேடல், புதிய பதிவு. பைத்தானில் நிரல் ஒரே மாலையில் முடிந்தது. ஒவ்வொரு டூலும் எதற்கு என்று மாடலுக்குச் சொல்லும் விளக்கத்தை எழுதத்தான் மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை எம்சிபி. அதில் ஒரு டூல் என்றால் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. மாடலின் கண்ணில் படுவது பெரும்பாலும் இவ்வளவுதான். உள்ளே நிரல் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. "இருப்பைத் தரும்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன்.

முதல் கேள்வியிலேயே தடுக்கியது. போன வருடம் எவ்வளவு சம்பாதித்தேன் என்று கேட்டேன். வருடம் முழுக்க நஷ்டம் என்று பதில் வந்தது. பீன்கவுண்டில் சம்பளம் வந்தால் வங்கிக் கணக்கில் கூட்டல் குறி, வருமானக் கணக்கில் அதே தொகைக்குக் கழித்தல் குறி. எனக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. "வருமானம் கழித்தல் குறியுடன் வரும்" என்று ஒரு வரி சேர்த்தேன். சம்பளம் சரியாகிவிட்டது, ஆனால் கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கு வந்த பணமும் வருமானமாகிவிட்டது. அதுவும் செலவுக் கணக்கில் கழித்தல் குறியோடு இருந்ததே! அப்புறம் சொத்து, கடன், மூலதனம், வருமானம், செலவு என்ற ஐந்து வகைக்கும் குறி என்ன, எப்போது தலைகீழாக வரும் என்று தனித்தனியாக எழுதினேன். விளக்கம் அரைப் பக்கம் நீண்டது. அதையும் மாடல் சில நேரம் தவறவிட்டது.

கடைசியில் டூலையே மாற்றினேன். இப்போது ஒவ்வொரு தொகையோடும் அது எந்த வகைக் கணக்கு, பணம் கூடியதா குறைந்ததா என்பதும் சொற்களாகவே போகிறது. அரைப் பக்கம் இரண்டு வரியாகிவிட்டது. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எதையாவது விளக்க மூன்று வரிக்கு மேல் தேவைப்பட்டால் முதலில் நிரலைத் திறந்து பார்ப்பேன்.

அடுத்தது கிரெடிட் கார்டு. மாதச் செலவு கேட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. தேடல் டூலை வைத்து, கார்டில் வாங்கியதையும் அந்த கார்டு பில்லுக்கு வங்கியிலிருந்து கட்டியதையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது. பில் கட்டுவது கடனைக் குறைப்பதுதான், புதிய செலவு கிடையாது. "மொத்தச் செலவு கணக்கிட இதைப் பயன்படுத்தாதே, இருப்பு டூலில் செலவுக் கணக்குகளைக் கேள்" என்று தேடல் டூலின் விளக்கத்தில் முதல் வரியாகவே போட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பலன் தந்த வரி இதுதான். ஒரு டூல் எதற்கு உதவாது என்று எழுதுவதை நாம் பொதுவாக மறந்துவிடுகிறோம்.

தேதியில் சிக்கல் சின்னது. முடிவுத் தேதியும் சேர்த்தியா இல்லையா என்று சொல்லாததால் மாதத்தின் கடைசி நாள் காணாமல் போனது. சேர்த்தி என்று எழுதி, நிரலையும் அதற்கேற்பத் திருத்தினேன். தொகைகளை எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாக, நாணயக் குறியீட்டோடு அனுப்புகிறேன். 0.1, 0.2 இரண்டையும் மிதவைப்புள்ளியில் (கணினி தசம எண்களைத் தோராயமாக வைக்கும் முறையில்) கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசா பைசாவாக முழு எண்ணில் வைக்கலாம் என்றால் ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று.

பிழைச் செய்தியும் விளக்கத்தில் சேர்த்திதான். "தவறான உள்ளீடு" என்று மட்டும் டூல் சொன்னபோது மாடல் அதே தவறான கணக்குப் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தது. "இந்தப் பெயரில் கணக்கு இல்லை, நெருக்கமானவை இவை" என்று மாற்றியதும் இரண்டாம் முறையே சரியாகக் கேட்டது.

புதிய பதிவு டூலில்தான் எனக்குப் பயம் அதிகம். படிக்க மட்டும், அழிக்கக்கூடியது என்றெல்லாம் டூலுக்கு அடையாளம் வைக்க எம்சிபியில் வசதி உண்டு, வைத்தேன். ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே, எதையும் தடுக்காது. அதனால் அந்த டூல் நேராகக் கோப்பில் எழுதுவதில்லை. வரைவை ஒரு தனிக் கோப்பில் வைக்கும், நான் பார்த்துச் சேர்ப்பேன். வங்கியிலிருந்து வரும் விவர வரியில் யாரோ எழுதிய சொற்கள் இருக்கும். அவற்றைத் தரவாக மட்டும் எடுத்துக்கொள், கட்டளையாக எடுக்காதே என்றும் எழுதியிருக்கிறேன். எழுதியதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது, வரைவுக் கோப்புதான் நான் நம்பும் பூட்டு.

விடை எனக்கே தெரிந்த இருபது கேள்விகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் இருபதையும் கேட்டுப் பார்க்கிறேன். இப்போது ஒன்று மட்டும் சரியாகாமல் நிற்கிறது: மாதச் சந்தா எவ்வளவு என்றால், வருடத்துக்கு ஒருமுறை கட்டுவதை ஒரு நாள் பன்னிரண்டால் வகுக்கிறது, மறுநாள் விட்டுவிடுகிறது. அந்தப் பதிவுகளுக்குக் கோப்பிலேயே "வருடாந்திரம்" என்று குறிச்சொல் போட ஆரம்பித்திருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது.