கெவலார் அம்மாளாச்சி

ஜேர்மனியில் வேலை அனுமதி கிடைத்த கையோடு நகரசபையில் பதியப் போனேன். சமயம் என்னவென்று கேட்டார்கள். கத்தோலிக்கம் என்றேன். முதல் சம்பளத் துண்டில் தேவாலய வரி என்று ஒரு கழிவு. வருமான வரியில் 9 வீதம்! ஊரில் காணிக்கைத் தட்டு வரும்போது சில்லறை தேடுகிற ஆள் நான்.

'குடுக்கிறதுதான் குடுக்கிறாய், கெவலாருக்கு ஒருக்காப் போய் வா. எங்கட மன்னார் மடு மாதா கோவில் மாதிரி' என்றார் அகதி காம்பில் கூட இருந்த அண்ணர்.

ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டினம். பெரிய பசிலிக்கா இருக்கிறது; ஆனால் சனம் முண்டுவது பக்கத்தில் உள்ள அறுகோணச் சிற்றாலயத்தின் யன்னலடியில். மடு மாதாவைப் போலச் சுரூபம் இருக்குமென்று எட்டிப் பார்த்தால், உள்ளங்கையளவில் ஒரு கடதாசிப் படம். லக்சம்பேர்க் மாதாவின் செப்புத்தகட்டு அச்சு. இதுக்கோ இவ்வளவு சனம் என்று, உண்மையைச் சொன்னால், மனம் சப்பென்று போய்விட்டது.

கதை பிறகுதான் தெரிந்தது. முப்பதாண்டுப் போர்க் காலம். ஹென்ரிக் புஸ்மன் ஊரூராய்ச் சாமான் விற்கிறவர். 1641 நத்தாரை ஒட்டி, வழியோரச் சிலுவையடியில் செபித்தபோது, 'இவ்விடத்தில் எனக்கொரு சிற்றாலயம் கட்டு' என்று குரல் கேட்டதாம். ஒரு தரமல்ல, மூன்று தரம். அன்றாட வருமானத்தில் மிச்சம்பிடித்துக் கட்டினார். மனைவி இரவில் வெளிச்சத்தில் கண்டதோ, முன்பு படைவீரர் விற்கக் கொண்டுவந்து காட்டிய அதே படத்தை. 1642 யூன் 1 அன்று பங்குத்தந்தை அதை அங்கே வைத்தார். இப்போதுள்ள சிற்றாலயம் 1654இல் எழுந்தது.

ஒன்று கவனியுங்கள். 1670இல் இலங்கையில் ஒல்லாந்தருக்குப் பயந்துதான் மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போயின. அதே நூற்றாண்டில் ஒல்லாந்துக் கத்தோலிக்கருக்கும் சொந்த நாட்டில் வெளிப்படையாகப் பூசை வைக்க வழியில்லை. அவர்கள் எல்லை கடந்து கெவலாருக்கு நடந்தார்கள். அந்தப் பங்கின் வேலை தொடக்கத்திலிருந்தே இதுதான்: வாறவனை வரவிடுவது.

இப்போது ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை அந்தப் பட்டினம் தமிழாய்ப் போய்விடும். பாதிப்பேர் சைவக்காரர். போன வருசம் மெழுகுதிரி கொளுத்துகிற சுவரடியில் எனக்கு முன்னால் திருநீறு பூசிய ஒரு ஆச்சி. ஒலிபெருக்கியில் பிரார்த்தனை மாலை: 'கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே.' ஆச்சிக்கு மறுமொழி தெரியாது. காற்றுக்குத் திரியைக் கையால் பொத்திப் பிடித்தபடி, 'அம்மாளாச்சி, அம்மாளாச்சி' என்றுகொண்டு நின்றார்.