38 வயதில் ஃபிளையிங் ஸ்கூல் தேடிய கதை: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஒன்றே கால் லட்சம் ரூபாய் இன்னும் ஒரு ஃபிளையிங் ஸ்கூலில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. கட்டியது இரண்டு லட்சம், போராடித் திரும்பி வந்தது எழுபத்தைந்தாயிரம். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அதோடு போன ஏழு மாதத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

எனக்கு வயது 38. விமான நிறுவனத்தில் பைலட் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. கோவையில் பதினான்கு வருடம் ஐடி வேலை, நான்காம் வகுப்பு படிக்கிற ஒரு மகள், பாதி கட்டிய வீட்டுக்கடன். நம் நாட்டில் விமான நிறுவனங்களில் 65 வயதுவரைதான் ஓட்ட முடியும். பல நிறுவனங்களின் கேடட் திட்டங்களுக்கு (நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவது) முப்பதை ஒட்டியே வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தக் கதவு எனக்கு ஏற்கெனவே மூடிவிட்டது. சொந்தமாக சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டிய உரிமம்) எடுத்து, ஏ320 மாதிரி ஒரு விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி முடித்து, அப்புறம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். உள்ளே போய்விட்டால் எல்லாமே சீனியாரிட்டி. அதாவது இன்று நான் வீணாக்குகிற ஒவ்வொரு மாதமும் கடைசியில், கேப்டன் சம்பளம் வாங்க வேண்டிய மாதத்திலிருந்து கழிகிறது. இருபது வயதுப் பையனுக்கும் இதே கணக்குதான், ஆனால் அவனுக்குக் கையில் நிறைய மாதங்கள் இருக்கின்றன.

முதல் இடறல் பள்ளியில் இல்லை, என் பெயரில். டிஜிசிஏ (நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) நடத்தும் தேர்வுக்குக் கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் வாங்க வேண்டும், அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். என் மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கல்யாணமான கையோடு சேர்த்த கணவர் பெயர், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்று தாளில் மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ற மாதிரி மாற்றி முடிக்க ஆறு வாரம் ஆனது. தமிழ்நாட்டில் படித்தவர்கள், முக்கியமாகக் கல்யாணமான பெண்கள், வேறு எதைத் தொடங்குவதற்கு முன்பும் உங்கள் தாள்களை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவர்கள் மனம் விட வேண்டாம், அந்த இரண்டு பாடத்தை மட்டும் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) மூலம் எழுதிக்கொள்ளலாம்.

பைலட் ஆக இரண்டு மருத்துவச் சான்று வேண்டும், முதலில் கிளாஸ் 2, அப்புறம் சிபிஎல்லுக்குக் கடுமையான கிளாஸ் 1. கிளாஸ் 2 பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் சரியாகிவிட்டது. கிளாஸ் 1 பெங்களூருவில், எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் நான் செய்த தப்பு, கிளாஸ் 1 கைக்கு வரும் முன்பே பள்ளிக்குப் பணம் கட்டியது. முப்பத்தைந்துக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம், காது, கண் என்று எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். கிளாஸ் 1 வராமல் ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, அந்தப் பள்ளிக்கு வருகிறேன். வடக்கே ஒரு சிறிய ஊர், கோவையிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். வேலை நாளில் லீவு கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை போனேன். உள்ளே நுழைந்ததும் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பியைச் சேர்க்கவா மேடம்?" எனக்குத்தான் என்றதும் ஒரு நிமிடம் பேச்சு நின்றது, அப்புறம் வழக்கத்தைவிட அதிகமாக மரியாதை. ஹேங்கர் முன்னால் பதினோரு விமானம், கழுவித் துடைத்து வரிசையாக நின்றிருந்தன. பார்க்கக் கண் நிறைந்துபோனது. பதினான்கு மாதத்தில் சிபிஎல் கையில், மார்ச் பேட்ச்சில் இரண்டே இடம்தான் மிச்சம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து இரண்டு லட்சம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பறத்தல் கிடையாது, அதனால்தான் அத்தனை விமானமும் தரையில் நிற்கின்றன என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மார்ச், மே ஆனது. மே, ஜூலை ஆனது. கேட்டால் ஒருமுறை ஆவ்காஸ் (சிறிய விமானங்களுக்கான பெட்ரோல்) லாரி வரவில்லை, ஒருமுறை ஒரு விமானம் மெயின்டெனன்ஸில், ஒருமுறை மழை. இதற்குள் நான் அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன், மூன்று மாத நோட்டீஸில் இரண்டு மாதம் முடிந்தும்விட்டது. என் மேனேஜர் நல்ல மனிதர், ராஜினாமாவைத் திரும்பப் பெற விட்டார். இல்லையென்றால் அந்த வருடம் வீட்டுக்கடன் தவணைக்கு என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் மறுபடி போனேன். வானம் தெளிவாக இருந்தது. விமான நிலையச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை, அங்கிருந்து பார்த்தால் ஓடுபாதை தெரியும். காலை ஏழு மணியிலிருந்து மதியம்வரை அங்கேயே உட்கார்ந்து, மேலே எழும்புகிற ஒவ்வொரு விமானத்தின் பதிவெண்ணையும் (நம் நாட்டு விமானங்களுக்கு விடி என்று தொடங்கும்) குறித்துக்கொண்டேன். நான்கே நான்குதான் மாறி மாறி வந்தன. டீ குடிக்க வந்த ஒரு பையன் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்தான், பாலக்காட்டுக்காரன், அந்தப் பள்ளி மாணவன்தான். "அக்கா, நான் வந்து இருபத்தாறு மாசம் ஆச்சு. லாக்புக்ல, அதான் பறந்த நேரத்தை எழுதுற புத்தகத்துல, 131 மணி நேரம்தான் இருக்கு. முழுப் பணமும் கட்டியாச்சு, இனி எங்க போறது?" என்றான். மிச்சம் ஏழு விமானத்தில் இரண்டில் எஞ்சினே இல்லையாம். மொத்தம் எழுபது மாணவர்கள், மூன்று இன்ஸ்ட்ரக்டர்கள். இருந்த ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரும் ஏர்லைன் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அன்று இரவு ரயிலில் ஒரு கணக்கு போட்டேன், இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டிருக்க வேண்டும். நான்கு விமானம், ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து மணி நேரம் பறந்தால் இருபது மணி நேரம். எழுபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழு நிமிடம். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் வேண்டும். ஒரு நாள்கூட விடாமல் பறந்தாலே 700 நாள். இதில் விடுமுறை, மழை, வடக்கே டிசம்பர் ஜனவரி மூடுபனி, விமானம் ரிப்பேர் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தப் பையனின் 131 மணி நேரம் எப்படி வந்தது என்று தெளிவாகப் புரிந்துவிடும். பள்ளிக்காரர்கள் சொல்கிற மாதக் கணக்கை விடுங்கள், இந்த ஒரு வகுத்தல் போதும். ஓடுகிற விமானம் எத்தனை, பறக்கிற மாணவர் எத்தனை.

இன்னொரு வழி வீட்டிலிருந்தே செய்யலாம். டிஜிசிஏ தளத்தில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. விமானங்களின் பதிவெண் கிடைத்தால் பறக்கிற விமானங்களைக் காட்டும் பிளைட்ரேடார்24 செயலியில் போட்டு இரண்டு வாரம் தொடர்ந்து பாருங்கள். எல்லாப் பயிற்சி விமானமும் அதில் தெரியாது, ஆனால் தெரிகிறவற்றை வைத்தே அந்தப் பள்ளியின் நாடித்துடிப்பு புரிந்துவிடும். நான் அப்படி நான்கு பள்ளிகளைக் கவனித்து, இரண்டை நேரில் போகாமலே நீக்கினேன். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏவே பள்ளிகளுக்கு ஏ++, ஏ, பி, சி என்று தரம் போடத் தொடங்கியிருக்கிறது. நான் பணம் கட்டியபோது அது இல்லை. முதல் பட்டியலில் மேல் இரண்டு தரத்துக்கு ஒரு பள்ளிகூட வரவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி தரம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பி என்றாலும் நேரில் போய்ப் பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். கொடுத்த ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "பதிவுக் கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று இருந்தது, அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆனால் முன்பக்கம் "பறத்தல் கட்டணத்துக்கான முன்பணம்" என்று எழுதியிருந்தார்கள், சேர்க்கைக் கடிதத்தில் மார்ச் மாதத் தொடக்கத் தேதியும் இருந்தது. பதிவுக் கட்டணம் வேறு, முன்பணம் வேறு, சொன்ன தேதியில் ஒரு நிமிடம்கூடப் பறக்கவைக்கவில்லை என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டேன். பதிலே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போட்டேன், ஒன்பதாம் நாள் எழுபத்தைந்தாயிரம் வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. எங்கே கட்டினாலும் பணம் எதற்கு என்றும், பயிற்சி எந்தத் தேதியில் தொடங்கும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், மயங்காதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை கட்டுகிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாத பள்ளி எனக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

இப்போது இருக்கும் பள்ளியில் மொத்தம் ஆறே விமானம். டயமண்ட் டிஏ40, டீசல் எஞ்சின், ஜெட் ஏ1 எரிபொருளில் ஓடுவது, அதனால் ஆவ்காஸ் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் பார்க்கப் போனது ஒரு வியாழக்கிழமை, அன்று ஐந்து பறந்துகொண்டிருந்தன, மாணவர்கள் இருபத்தெட்டு பேர். சீஃப் இன்ஸ்ட்ரக்டர் என்னை நேராக அன்றைய பறத்தல் பலகை முன்னால் கூட்டிக்கொண்டு போய், "பார்த்துக்கோங்க, அப்புறம் கேன்டீனில் பசங்களிடம் பேசிட்டு வாங்க" என்றார். கட்டணம் பழைய பள்ளியைவிட நான்கு லட்சம் அதிகம். அதே வகுத்தலைப் போட்டால் ஆளுக்கு ஐம்பத்து மூன்று நிமிடம் வருகிறது. அப்பா வாங்கிப்போட்ட மனையை வைத்து வங்கிக்கடன் எடுத்தேன், சேர்ந்தேன்.

இங்கும் எல்லாம் சரியில்லை. இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றே ஒன்று, அதற்கு வரிசை நீளம். ஓடுபாதையில் இரவு விளக்கு வசதி கிடையாது, சிபிஎல்லுக்கு வேண்டிய ஐந்து மணி நேர இரவுப் பறத்தலுக்கு வேறு விமான நிலையத்துக்குப் போக வேண்டும், தங்குகிற செலவு நம்முடையது. இந்த இரண்டையும் சேரும்போது நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். வயதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கற்றுக்கொள்வதில் நான் மெதுவாக இல்லை, தேர்வுகளை வேலையில் இருந்தபோதே முடித்துவிட்டேன், தரையிறக்கம் மட்டும் கைவரக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுத்தது. என் இன்ஸ்ட்ரக்டருக்கு இருபத்தாறு வயது, என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், தப்பு செய்தால் தயங்காமல் திட்டுகிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது.

பதினோரு மாதம் ஆகிறது, லாக்புக்கில் 143 மணி நேரம். பாலக்காட்டுப் பையனோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அவன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டான், இன்னும் பதினெட்டு மணி நேரம் பாக்கி. வானிலை ஒத்துழைத்தால் வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி, அதாவது நெடுந்தூரப் பயணம், இரண்டு வெளி விமான நிலையங்களில் இறங்கி ஏறித் திரும்ப வேண்டும், தனியாக. வரைபடத்தில் பாதையைப் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன், மகள் அதைப் பார்த்துத் தன் நோட்டில் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறாள்.