வேற எது உடையும், டீச்சர்?

அந்த விடைத்தாளில் நான் சிவப்பு மையால் சுழித்தது ஒரே ஒரு சொல்லை. "நீர் கொதிக்கும்போது பிணைப்புகள் உடைந்து நீராவியாகிறது" என்று என் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். "பிணைப்புகள்" மேல் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, மூன்றில் ஒரு மார்க் குறைவு. கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் நானாக வைத்த வகுப்புத் தேர்வு அது. எந்தச் சான்றிதழிலும் ஏறாத மார்க்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், ஹைட்ரஜன் பிணைப்பும் பிணைப்புதானே?"

"எந்தப் பிணைப்புன்னு நீ எழுதலையே."

"தண்ணி கொதிக்கும்போது வேற எது உடையும், டீச்சர்?"

"அதைத்தானே கேள்வியா கேட்டிருக்கேன்" என்றேன்.

தாளை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். இது 2018 டிசம்பரில் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளோடு இதைவிடப் பெரிய மனஸ்தாபங்கள் வந்து போயிருக்கின்றன. அவற்றில் பல மறந்துவிட்டன. இந்த அரை நிமிடம் மட்டும் போகவில்லை.

நான் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வேதியியல் எடுக்கும் யாரைக் கேட்டாலும் தெரியும், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் விழும் பெரிய குழி இதுதான். கொதிக்கிற தண்ணீரில் வரும் கொப்புளத்துக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக நினைப்பார்கள். தண்ணீர் "உடைந்து" வாயுவாகிறது என்றால் மூலக்கூறே உடைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். 18 கிராம் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலுள்ள சகப்பிணைப்புகளையெல்லாம் அறுக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இருபது மடங்குக்கும் அதிகம். தேயிலைத் தோட்டத்து லய வீட்டு அடுப்பில் விறகு வைத்து அதை யாராலும் செய்ய முடியாது. உலையில் மூலக்கூறு முழுசாகவே இருக்கிறது, பக்கத்து மூலக்கூறின் கையை, அதாவது ஹைட்ரஜன் பிணைப்பை, விட்டுவிட்டு வெளியே போகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் உருகுதல், ஆவியாதல், சூடம் காற்றில் கரைந்துபோவது எல்லாம் தானாக விளங்கும். உட்காராவிட்டால் மனப்பாடம்தான். அதனால் "பிணைப்பு உடையும்" என்று மொட்டையாக எழுதினால் மார்க் கிடையாது என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். சொல்லியிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் மழையும் மண்சரிவும் வந்து மூணாறுக்குப் போகும் வழிகளெல்லாம் அடைபட்டுக் கிடந்தன. பள்ளி நாட்கள் போயின. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வாங்கிய பிள்ளைகள். விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தேன். என் தேர்வில் மட்டும் தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லியிருந்தேன், விஷயம் புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே தேர்வு.

அந்த வாக்கியத்தை எழுதியவள் அவள் ஒருத்தி இல்லை. பதினோரு தாள்களில் கிட்டத்தட்ட அதே வாக்கியம். திருத்தும்போது சந்தேகம் வந்து, மறுநாள் காலையில் அவர்களில் ஒரு பையனை நிறுத்திக் கேட்டேன்.

"கொப்புளத்துக்குள்ள என்னடா இருக்கு?"

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் டீச்சர்."

அதோடு எனக்குத் திருப்தியாகிவிட்டது. பதினொன்றையும் சுழித்தேன். ஒரே வாக்கியத்துக்கு ஒருவனுக்கு மார்க், இன்னொருத்திக்கு இல்லை என்று போட முடியாது. இதை இன்றைக்கும் நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கலாம். மேசைக்கு முன்னால்தான் நின்றாள். "கொப்புளத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்க ஐந்து நொடி ஆகாது. பையனிடம் கேட்கத் தோன்றியது எனக்கு அவளிடம் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல இப்போது முடியவில்லை. அவள் சரியாகச் சொல்லியிருந்தால் மார்க் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்தால் மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கும். மணி அடிக்கப் போகிறது. அடுத்த வகுப்பு பிளஸ் டூ.

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. அக்டோபரில் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலை குறிக்கச் சொன்னேன். வெப்பமானி 95-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பாதிப் பேர் புத்தகத்தைப் பார்த்து 100 என்று எழுதினார்கள். அவள் 95 என்றே எழுதிவிட்டு வந்து கேட்டாள்: "இங்க காத்தோட அழுத்தம் கம்மி, அதனாலயா டீச்சர்? அம்மா குக்கர் வாங்குனதுக்கப்புறம்தான் எங்க வீட்ல பருப்பு ஒழுங்கா வேகுது." நாங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்துக்கு 95 சரிதான். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அவளைப் பாராட்டினேன். திரவத்தின் ஆவியழுத்தம் வெளியழுத்தத்தைத் தொடும்போது கொதிக்கும் என்பதை வீட்டுப் பருப்பில் கண்டுபிடித்த பிள்ளை, தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜன் வரும் என்று நினைப்பாளா?

நினைக்கலாம். அதுதான் என் சிக்கல். அழுத்தம் தெரிந்த பிள்ளைக்கு மூலக்கூறு தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. பருப்பு வேகாதது கண்ணுக்குத் தெரியும். மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு தெரியாது. தவிர, அதே தாளின் இரண்டாம் பகுதியில், ஹைட்ரஜன் சல்பைடு ஏன் அறைவெப்பத்தில் வாயுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு, "கந்தகத்துக்கு எலக்ட்ரான் கவர்தன்மை குறைவு, அதனால் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு குறைவு" என்று எழுதியிருந்தாள். நல்ல பதில். ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஈர்ப்பின் வலு. ஆனால் அங்கே "ஈர்ப்பு" என்று எழுதத் தெரிந்தவள் இங்கே ஏன் "பிணைப்பு" என்றாள்? இரண்டும் வேறு என்று நினைத்துத்தான் வேறு சொல் போட்டாளா? அல்லது தண்ணீரில் இருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு, சல்பைடில் இருப்பது வெறும் ஈர்ப்பு என்று என்னைவிடத் துல்லியமாகப் பிரித்தாளா? அந்த இரண்டு வரிகளை மனதுக்குள் எத்தனை தடவை படித்தாலும் இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது.

அவள் சொன்னதற்குப் புத்தகமும் துணை நிற்கும். அப்போதிருந்த பிளஸ் ஒன் புத்தகத்தில் நான்காம் பாடம் வேதிப்பிணைப்பு. அதன் கடைசிப் பகுதி ஹைட்ரஜன் பிணைப்பு. ஐந்தாம் பாடம் பருப்பொருளின் நிலைகள். அங்கே அதே ஹைட்ரஜன் பிணைப்பு மூலக்கூறுகளுக்கிடையேயான விசைகளின் பட்டியலில், இருமுனை–இருமுனை ஈர்ப்பின் தனி வகையாக வரும். ஒரு பாடத்தில் பிணைப்பு, அடுத்த பாடத்தில் விசை. அதன் ஆற்றல் 10 முதல் 100 கிலோஜூல் வரை என்று புத்தகமே போட்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது அது. பிறகு வந்த பாடச் சுருக்கத்தில் பருப்பொருளின் நிலைகள் என்ற பாடமே முழுசாகப் போய்விட்டது. இப்போது என் பிள்ளைகள் ஹைட்ரஜன் பிணைப்பைப் பிணைப்புப் பாடத்தில் மட்டும்தான் சந்திக்கிறார்கள். அந்தப் பாடம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். சோற்றுப்பானை முதல் மேகம் வரை விளக்கும் பாடம் அது.

இதைவிட என்னை ஆட்டியது வேறொன்று. 2011-ல் வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயூபிஏசி ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புது வரையறை வெளியிட்டது. அந்தப் பணியை முன்நின்று நடத்தியவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். வரையறை ஈர்ப்பு இடைவினை என்றுதான் தொடங்குகிறது. முடியும்போது, பிணைப்பு உருவாவதற்கான சான்று இருக்க வேண்டும் என்கிறது. இதை நான் படித்தது அந்தத் தேர்வு முடிந்து ரொம்ப நாள் கழித்து. படித்ததும் அவள் முகம்தான் வந்தது. அதுவும் பிணைப்புதானே என்று பதினாறு வயதுப் பிள்ளை கேட்டதும், உலகத்து வேதியியலாளர்கள் கூடி எழுதியதும் ஒரே பக்கம் சாய்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் விடைக்குறிப்பில் இருந்த வரி, "நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைகின்றன." கறாராகப் பார்த்தால் அதுவும் முழுசாகச் சரியில்லை. தண்ணீர் சும்மா டம்ளரில் இருக்கும்போதே அவை உடைந்து உடைந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான் ஒவ்வொன்றுக்கும் ஆயுள். கொதிக்கும்போது நடப்பது, விட்டுப்போன மூலக்கூறு திரும்பி வந்து சேராமல் வெளியேறிவிடுவது. அவளிடம் நான் காட்டிய கறாரை என் குறிப்பிடம் காட்டியிருந்தால் அதிலும் ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து 2019 ஜனவரி தொடங்கியபோது உறைபனி விழுந்தது. பல நாள் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே. புல்வெளியெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் இருந்தது, தேயிலை கருகியது. வகுப்பில் பிள்ளைகள் "பனி விழுந்துடுச்சு டீச்சர், கொழுந்து இல்ல, அம்மாவுக்கு வேலை கம்மி" என்று சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பனி என்றால் காலையில் மூடும் மூடுபனியும் பனிதான், புல்லில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான், வெள்ளையாகப் படியும் இதுவும் பனிதான். மூன்றும் நீராவியின் மூன்று விதமான முடிவு. துளி, குளிர்ந்து திரவமாவது. வெள்ளை, திரவமாகாமலே நேராகத் திடமாகிப் படிவது. மேகமில்லாத ராத்திரியில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அப்போது இலைமேல் அது படியும். ஜனவரியில் ஒரு தாய் "பனி விழுந்துடுச்சு" என்றால் எந்தப் பனி என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வேறு எது கொழுந்தைக் கருக்கும்?

"வேற எது உடையும், டீச்சர்?"

அவள் பேசியது இந்த மலையின் பேச்சு. தெரிந்தவரிடம் பேசும்போது தெரிந்ததை விட்டுவிட்டுப் பேசுவது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கு எதற்கு விளக்க வேண்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பரீட்சை அப்படி இல்லையே. மார்ச்சில் அவள் தாளைத் திருத்தப்போவது அவளையும் அவள் வீட்டுப் பருப்பையும் தெரியாத யாரோ. எழுதியதற்குத்தான் மார்க், நினைத்ததற்கு இல்லை என்பதை நான் சொல்லிக்கொடுக்காவிட்டால் வேறு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அதனால் நான் செய்தது சரி. இப்படிச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், அந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று நான் அனுமதித்த காரணம் நினைவுக்கு வருகிறது. புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தேர்வே.

அதற்குப் பிறகு அவள் மேசைக்கு வந்து எதையும் கேட்டதில்லை. முகம் சுளிக்கவில்லை, மரியாதையில் குறையில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க்தான் வாங்கினாள். ஆனால் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பிறகு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் அந்த வயதில் ஆயிரம் காரணத்துக்கு அமைதியாவார்கள்.

இப்போது நர்சிங் முடித்துவிட்டாள். போன ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" என்று ஓடிவந்தாள். இரண்டு நிமிடம் பேசினோம். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கொப்புளத்துக்குள்ள என்ன இருக்கும்மா? கேட்டிருந்தால் நீராவி என்று டக்கென்று சொல்லியிருப்பாள். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும். அந்தப் பதில் 2018 டிசம்பரில் அவளிடம் இருந்ததா என்பதை மட்டும் அது சொல்லியிருக்காது.

பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன்.