தலைவனைத் தேடி வந்த மரம்

ஜப்பானில் ஃபுகுவோகா நகரின் பெரிய கடைவீதிப் பகுதிக்குத் தென்ஜின் என்று பெயர். அது ஒரு தெய்வத்தின் பெயர் என்பதை, அங்கிருந்து ரயில் கிளம்பிய பிறகுதான் மகன் சொன்னான். "அந்தத் தெய்வத்தைப் பார்க்கத்தான் போகிறோம், அம்மா." ஃபுட்சுகாய்ச்சியில் இறங்கி வேறு ரயில் மாறி, தசாய்ஃபுவை அடைந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. 2024 பிப்ரவரி கடைசி வாரம். பிளம் பூக்கும் காலம்.

அங்கே இருப்பது தசாய்ஃபு தென்மாங்கு கோயில். மூலவராக வணங்கப்படுபவர் நம்மைப் போல் பிறந்து வாழ்ந்த ஒரு மனிதர். சுகவாரா நோ மிச்சிசானே, 845இல் பிறந்தவர், அறிஞர், கவிஞர். கல்வியால் உயர்ந்து அரசவையில் வலது அமைச்சர் பதவி வரை சென்றார். செல்வாக்கு மிக்க ஃபுஜிவாரா குலத்தாருக்கு அது பொறுக்கவில்லை. 901இல் பழி சுமத்தித் தலைநகரான கியோட்டோவிலிருந்து இந்தத் தொலைதூர ஊருக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஒரு பதவி, உண்மையில் நாடுகடத்தல். வறுமையில் இரண்டே ஆண்டுகள் வாழ்ந்து, 903இல் இறந்தார்.

கியோட்டோவை விட்டுப் புறப்படும் முன் தம் வீட்டுப் பிளம் மரத்தைப் பார்த்து அவர் ஒரு சிறு பாடல் பாடினார். கொண்டல் வீசும்போது உன் மணத்தை எனக்கு அனுப்பி வை. தலைவன் இல்லையே என்று வசந்தத்தை மறந்துவிடாதே என்பது அதன் பொருள். கீழ்க்காற்றுக்குத் தமிழில் கொண்டல் என்ற அழகான சொல் இருப்பது எத்தனை பொருத்தம்! கியோட்டோ இந்த ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் காற்றுதான் மணத்தைச் சுமந்து வர முடியும். மரம் மணத்தை மட்டும் அனுப்பவில்லை. பிரிவைத் தாங்காமல் ஒரே இரவில் பறந்து இங்கேயே வந்துவிட்டதாம். அதற்குத் தொபியுமே, பறந்து வந்த பிளம் என்று பெயர்.

நம் தலங்களில் மரம் முதலில் இருக்கும். அதன் அடியில் இறைவன் வந்து அமர்வான். ஏகம்பத்து மாமரமும் ஆனைக்காவின் வெண்ணாவலும் அப்படித்தான். இங்கோ தலமரமே எழுந்து தலைவனைத் தேடி வந்திருக்கிறது. கேட்டதும் உடல் சிலிர்த்தது.

கோயிலுக்குப் போகும் வழியில் குளம் ஒன்று. அதன்மேல் மூன்று பாலங்கள்: கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். முதற்பாலத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் மறைந்து அப்போது பதினான்கு மாதங்கள். வழக்கமாக எனக்கு இரண்டடி பின்னால்தான் அவர் நடந்து வருவார். மகன் ஒன்றும் சொல்லாமல் குடையை என் பக்கம் சாய்த்தான்.

வழியெங்கும் படுத்த நிலையில் எருதுச் சிலைகள். மிச்சிசானேயின் உடலை இழுத்துச் சென்ற எருது ஓரிடத்தில் படுத்து நகர மறுத்ததாம். அங்கேயே அடக்கம் செய்து, அந்த இடத்தின்மேல் கோயில் எழுப்பினார்கள். நந்தியின் காதில் நாம் வேண்டுதலைச் சொல்வதுபோல், இங்கே எருதைத் தொட்டு வேண்டுகிறார்கள். கல்வி கேட்பவர்கள் தலையைத் தடவித் தடவி அது பளபளவென்று ஆகிவிட்டது. உடலில் வலி உள்ளவர்கள் எருதின் அதே இடத்தைத் தடவுவார்கள். நான் அதன் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

கை, வாய் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். 1591இல் கட்டிய மூலக் கோயிலில் அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தற்காலிகச் சந்நிதி. அதன் கூரைமேல் மரங்களை நட்டு ஒரு சிறு காட்டையே வளர்த்திருந்தார்கள். பறந்து வந்த மரத்தின் கதையை மனத்தில் வைத்துக் கட்டிடக் கலைஞர் ஃபுஜிமோட்டோ சோ வடிவமைத்தது. பாலாலயம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தலையில் வனம் சுமக்கும் பாலாலயத்தை இங்குதான் பார்த்தேன். இருமுறை தலை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது அவர்கள் முறை. அதன்பிறகு என் வழக்கப்படி கைகூப்பிச் சற்று நின்றேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி கண்மூடி நின்றாள். தேர்வுக் காலம் அது. வேண்டுதல் எழுதிய மரப்பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்கின. பழி சுமந்து மாண்டவரின் சினத்துக்கு அஞ்சி வணங்கத் தொடங்கிய மக்கள், இன்று அவரிடம் பிள்ளைகளின் படிப்பை ஒப்படைக்கிறார்கள்.

சந்நிதிக்கு வலப்பக்கம் தொபியுமே. வளாகத்தில் உள்ள சுமார் 6,000 பிளம் மரங்களில் முந்திக்கொண்டு பூப்பது அதுதான். அதனால் நாங்கள் போனபோது அதன் பருவம் கழிந்துகொண்டிருந்தது. வெள்ளை இதழ்கள் ஈரத் தரையில் கிடந்தன. கிளைகளில் மிச்சமாகச் சில பூக்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சுற்றிலும் மற்ற மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் நிறைந்து நின்றன. இலை ஒன்றுகூட இல்லை. கறுத்து முறுக்கிய கிளையில் நேரடியாகப் பூ. ஜப்பான் என்றால் எல்லோரும் செர்ரிப் பூவைத்தான் சொல்கிறோம். இந்தக் குளிரில், பனி விலகும் முன்பே பூக்கும் பிளம்முக்குத்தான் என் ஓட்டு. அதற்கு மணமும் உண்டு. தேன் கலந்த மெல்லிய மணம். இதே தசாய்ஃபுவில் 730ஆம் ஆண்டு பிளம் மரங்களைப் பார்த்தபடி கவிஞர்கள் கூடி 32 பாடல்கள் பாடினார்கள். ஜப்பானின் இப்போதைய ரெய்வா ஆண்டுக்கணக்கின் பெயர் அந்தப் பாடல்களின் முன்னுரையிலிருந்து எடுத்ததுதான்.

திரும்பும் வழியில் உமேகஎ மோச்சி வாங்கினோம். அரிசி மாவுக்குள் இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்து, பிளம் பூ முத்திரையோடு சுடுகிறார்கள். பட்டினி கிடந்த மிச்சிசானேவுக்கு ஒரு மூதாட்டி பிளம் கிளையின் நுனியில் வைத்து நீட்டிய மோச்சியின் நினைவாம். சூடாக ஒரு வாய் கடித்தபோது பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை நினைவுக்கு வந்தது.

திருவையாற்றில் எங்கள் வீட்டு வாசலில் என் கணவர் வைத்த நந்தியாவட்டை நிற்கிறது. தினமும் பறித்து ஐயாறப்பருக்கு எடுத்துப் போவார். அவர் போன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. பூத்துப் பூத்துத் தரையில் உதிர்ந்தது. ரயில் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நிலையத்தில் நின்றபடியே பக்கத்து வீட்டு மாமியை அழைத்தேன். அங்கே காலை எட்டு மணி இருக்கும்.

"மாமி, வாசலில் நந்தியாவட்டை பூத்திருக்கிறதா?"

"நிறையப் பூத்திருக்கிறதே. ஏன்?"

"பறித்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள், மாமி. நான் வரும்வரை தினமும்."