கியூர்பிப் மேடும் என் ஹைபிரிட் காரும்

வண்டியைக் கிளப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் தினமும் ஏதோ அறிவிக்கும். ஈ.டி.சி. கார்டைச் செருகவில்லை என்கிறதாம். ஜப்பான் சுங்கச்சாவடிக்கான கார்டு அது. சுங்கச்சாவடியே இல்லாத மொரிஷியஸில் அந்தக் குரல் இன்னும் கடமை தவறாமல் எச்சரித்துக்கொண்டிருக்கிறது.

ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த டொயோட்டா அக்வா. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். போன டிசம்பரில் வாங்கினேன். 2011-இல் இந்த மாடல் அறிமுகமானபோது ஜப்பானியச் சோதனையில் லிட்டருக்கு 35.4 கி.மீ. என்று போட்டிருந்தார்கள். அதை அப்படியே நம்பும் அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை. ஆனாலும் முப்பதாவது வராதா என்று ஓர் ஆசை.

வீடு மேட்டிலுள்ள கியூர்பிப்பில், வேலை கீழே போர்ட் லூயிஸில். ஒரு வழிக்கு 22 கி.மீ. முதல் நாள் காலை அலுவலக வாசலில் நிறுத்தியபோது திரை லிட்டருக்கு 45 காட்டியது. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். மாலையில் வீடு வந்து பார்த்தால் 15.5. அதை யாருக்கும் அனுப்பவில்லை.

"சரி, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா முப்பது வருதே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள். "ஏங்க, மைலேஜைக் கூட்டக் கூடாது, பெட்ரோலைத்தான் கூட்டணும்" என்று பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். இறங்க அரை லிட்டர், ஏற 1.42 லிட்டர். ஆக 44 கி.மீ.க்கு 1.9 லிட்டர். லிட்டருக்கு 23. அன்றிலிருந்து போகவர சேர்த்துத்தான் பார்க்கிறேன். அதுவும் திரையை நம்பாமல், டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓடியதை வகுத்து.

கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். போர்ட் லூயிஸோ துறைமுகம். என்னையும் சேர்த்து 1,150 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 1.7 யூனிட் சக்தி வேண்டும், நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட். இன்ஜினில் வீணாவதைக் கழித்தால் அதற்கே அரை லிட்டர் பெட்ரோல் போய்விடும். இறங்கும்போது அதையெல்லாம் பேட்டரியில் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இதன் பேட்டரி முழுதாகவே ஒரு யூனிட்டுக்குள். அதிலும் பாதியைத்தான் வண்டி புழங்க விடும். குடத்தைக் கொண்டுபோய் அருவியில் பிடித்த கதை.

இது புரியாமல் முதல் மாதம் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். கியரில் டி-க்குக் கீழே பி என்று ஓர் எழுத்து. பி என்றால் பேட்டரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வழியிலுள்ள ஃபீனிக்ஸ் ஊரைத் தாண்டியதும் அதில் போட்டுவிடுவேன். இன்ஜின் உறுமும். 'ஆகா, சார்ஜ் ஏறுது' என்று பூரிப்பு. உண்மையில் அது இன்ஜினைச் சுற்றவைத்து வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடு, பழைய வண்டியில் செகண்ட் கியர் போட்டு இறங்குவோமே, அது மாதிரி. பேட்டரி நிரம்பிய பிறகு நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் காக்க உதவும். நானோ பேட்டரிக்குப் போக வேண்டியதை இரைச்சலாக்கிக்கொண்டிருந்தேன்.

பியை விட்டபின், இந்தச் சரிவில் 80 வேகத்தில் வண்டி பெரும்பாலும் தானாகவே உருளும் என்று தெரிந்தது. காலை முழுசாக எடுத்தால் சார்ஜ் ஏறும், வேகம் குறையும், மறுபடி மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் ஆக்சிலேட்டர்மேல் கால் சும்மா ஒட்டியிருக்கணும். திரையில் ஓடும் கோடு சார்ஜ் பக்கமும் போகாமல் பவர் பக்கமும் போகாமல் நடுவில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது காலுக்குப் பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. பெருவிரலை ஷூவுக்குள் அசைக்கிற அளவுதான் வித்தியாசம்.

ஏற்றத்தில் வித்தை ஏதும் இல்லை. இடது தடத்தில் 70, ஒரே சீராக. 90-ல் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தால் வேகத்தைக் கூட்டிவிடுவேன். மைலேஜுக்காகப் பத்து பேருக்கு வழி மறிப்பது நியாயமில்லை.

நானாகக் கண்டுபிடித்தது என்று ஒன்று உண்டு. மாலையில் வீட்டுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாகப் பேட்டரியிலேயே ஓட்டிக் காலி பண்ணிவிடுவது. மறுநாள் காலை இறக்கத்தில், நெரிசலில் பிரேக் போடும்போது பிறக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அப்போதுதான் இடம் இருக்கும். பிரேக்கையும் எட்டத்திலேயே லேசாக ஆரம்பிக்கணும். ரவுண்டானா வரை வந்து அழுத்தினால் சக்தி பிரேக் பேடில் சூடாகத்தான் போகும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் தேங்காய் மூட்டையைப் பின் சீட்டில் ஏற்றியிருந்தேன். நல்ல வெயில். பாதி வழியில் பின்னாலிருந்து ஹேர் டிரையர் போட்டது போல் ஒரு சத்தம். பேட்டரி அந்த சீட்டுக்கு அடியில், சத்தம் அதைக் குளிரவைக்கும் விசிறியுடையது. அதற்குக் காற்று போகும் சல்லடை சீட்டோரம் இருக்கிறது, மூட்டை அதை அடைத்து உட்கார்ந்திருந்தது. நகர்த்தியதும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுநாள் சல்லடையைக் கழற்றினால் விரல் கனத்துக்குப் பஞ்சும் முடியும். எல்லாம் ஜப்பானியத் தூசி.

இந்தத் தீவில் எந்த பங்க்கில் போட்டாலும் பெட்ரோல் ஒரே விலை, அலைந்து மிச்சம் பிடிக்க முடியாது. நான் நீட்டும் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது ஒரு சின்ன சந்தோஷம். அதற்காக நோட்டு குறைவாகச் செலவாவதில்லை.

மே மாதம் 26.2 வந்தது. ஏற்றம் 18, இறக்கம் 48. ஜூலையில் 24.9 ஆகிவிட்டது. இங்கே அது குளிர்காலம். கியூர்பிப் குளிரில் இன்ஜின் சூடாகவே நேரமாகிறது. போதாததற்கு ஹீட்டர் போட்டால், அந்தச் சூட்டுக்காகவே இன்ஜின் அணையாமல் ஓடுகிறது. ஹீட்டரை நிறுத்திப் பார்த்தேன், இரண்டே நாள். மூன்றாம் நாள் காலை மனைவி சால்வையோடு வந்து ஏறி, ஒன்றும் சொல்லாமல் ஹீட்டர் பொத்தானை அழுத்தினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.