கரைச் சாலை சரிந்தால்: கடலூர்ப் பக்கம் நாங்கள் செய்யும் முறை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கடலூர் வரை கரை புரண்டது. இப்படி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றங்கரை, ஏரிக்கரை, வாய்க்கால் கரைமேல் போகும் சாலைகளில் சரிவு வருகிறது. அதைச் சரிசெய்யும்போது கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் ஏறும்போது நிற்கிற கரை, வடியும்போதுதான் சரிகிறது. மண் குடித்த தண்ணீர் வெளியே வர நாளாகும். ஆற்று நீரோ இரண்டு நாளில் இறங்கிவிடும். வெளியிலிருந்து தாங்கிய நீர் போன பிறகு, ஊறிக் கனத்த கரை தன் பாரத்தையே தாங்க முடியாமல் கீழே நழுவுகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் தண்ணீர் வடிந்த அன்றே லாரியையும் பேருந்தையும் விடக் கூடாது.

சரிவுக்கு முன் தார்மேல் வில் போல வளைந்த விரிசல் தெரியும். அதன் இருபுறமும் ஆணி அடித்து இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். விரிந்துகொண்டே போனால் அந்தத் தடத்தை உடனே மூட வேண்டும். விரிசலுக்குள் மழை இறங்காமல் களிமண் பூசித் தார்ப்பாய் போடுங்கள். இந்த நேரத்தில் அதிகம் நடக்கும் தவறு, மணல் மூட்டையைச் சாலை ஓரத்தில் அடுக்குவது. மேலே ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் சரிவைத் தள்ளிவிடுகிறது. எடை கரையின் அடியில்தான் வர வேண்டும். சவுக்குக் கம்பை அரை மீட்டருக்கு ஒன்றாக, பாதி நீளத்துக்குக் குறையாமல் கெட்டி மண்ணுக்குள் அடித்து, அதன் உட்புறம் மூட்டைகளைச் செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். முக்கால் பங்கு நிரப்பிய மூட்டைதான் ஒன்றோடொன்று படியும். முழுக்கத் திணித்தது உருண்டுவிடும்.

இது ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்கு மட்டும். நிரந்தர வேலையைப் பிப்ரவரிக்குப் பிறகு, வாய்க்காலில் நீர் குறைந்ததும் தொடங்க வேண்டும். மதிப்பீடு போடும் முன் கையால் சுழற்றும் ஆகரில் (மண்ணைத் துளைக்கும் கருவி) மூன்று நான்கு இடத்தில் துளை போட்டு, வழுக்கிய தளம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்து மண் கொழகொழவென்று, வெட்டினால் பளபளப்பாக இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்போதே கண்டுபிடிக்க வேண்டும். அடைபட்ட சிறுபாலமாக இருக்கலாம், கசியும் கூட்டுக் குடிநீர்க் குழாயாக இருக்கலாம், எலியும் நண்டும் போட்ட வளையாகக்கூட இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு மண்ணை மட்டும் கொட்டினால் அடுத்த ஐப்பசியில் அதே இடம் திரும்பவும் போகும்.

தோண்டும்போது முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஐந்தாறு மீட்டர் துண்டாக எடுத்து, நிரப்பிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். வழுக்கிய தளத்துக்குக் கீழே நல்ல மண் தெரியும்வரை எடுத்து, பழைய கரையைப் படிக்கட்டாக வெட்ட வேண்டும். படி குறைந்தது 300 மி.மீ. அகலம் என்று சாலைப் பணிகளுக்கான அரசு விவரக்குறிப்பு சொல்கிறது. ரோலர் ஓரம்வரை ஏற வேண்டுமானால் அது போதாது, ஒன்றரை மீட்டராவது வேண்டும். வெறும் சாய்வின்மேல் புது மண்ணை ஒட்டினால் இரண்டுக்கும் நடுவிலேயே புதிதாக ஒரு வழுக்குத் தளம் உண்டாகிவிடும்.

அடியில் 40 மி.மீ. ஜல்லியை ஜியோடெக்ஸ்டைல் துணியில் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்றிய வடிகால், அதற்குள் துளையிட்ட குழாய். குழாயின் வாய் கரைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதைந்த வாய் இருந்தும் இல்லாததற்குச் சமம். அடியைத் தாங்க கேபியன் பெட்டி, அதாவது கல் நிரப்பிய கம்பி வலைப் பெட்டி நல்லது. தண்ணீரை விடும், கொஞ்சம் இறங்கினாலும் உடையாது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமும் உயரமும் உள்ள பெட்டியில் 150 முதல் 250 மி.மீ. கல்லைக் கையால் அடுக்க வேண்டும். ஜேசிபியால் கொட்டினால் வயிறு தள்ளிவிடும். பெட்டிக்குப் பின்னாலும் துணி வேண்டும், இல்லையென்றால் மண் கல்லுக்குள் கரைந்து போய்ச் சாலை உள்வாங்கும்.

நிரப்புவதற்குச் சரிந்த களியைத் திரும்பப் போடாதீர்கள், செம்மண் கிராவல் போடுங்கள். அழுத்திய பின் ஓர் அடுக்கு 200 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஆய்வகத்தில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தியில் கரைக்கு 95 சதவீதம், மேல் 500 மி.மீ.க்கு 97 சதவீதம் வர வேண்டும். அடுக்குக்கு அடுக்கு மணல் மாற்றுச் சோதனையால் (குழி தோண்டி, மணல் நிரப்பி அடர்த்தியை அளப்பது) பார்த்த பிறகே அடுத்த டிப்பரை அனுப்புங்கள். ஓரம் ரோலருக்குச் சரியாக அமுங்காது. அதனால் 300 மி.மீ. அகலம் கூடுதலாக நிரப்பி, பிறகு வெட்டி 1 பங்கு உயரத்துக்கு 2 பங்கு அகலம் என்ற சாய்வாக்கினால் வெளிமுகம் கெட்டியாக இருக்கும். சாலையின் அடி ஜல்லி அடுக்கை முழு அகலத்துக்கும் இழுத்துச் சாய்வில் வெளியே தெரியும்படி விடுங்கள். மண் ஓரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் தொட்டிபோலத் தேங்கி, தாரை அடியிலிருந்து உரிக்கும்.

சாய்வில் வெட்டிவேர் நடலாம். கடலூர்க் கடலோரத்திலேயே விளைவதால் நாற்றுக்கு அலைய வேண்டாம். உயரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. முதல் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் நடுவதே வீண்.

வளைவில் தண்ணீர் முழுவதும் உட்புறம் சேரும். அங்கே கான்கிரீட் சரிவு வாய்க்கால் இல்லாமல் விட்டால் ஒரே மழையில் ஓரம் அரித்துவிடும். தாருக்கும் மண் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் வரக் கூடாது. எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும் பைக் அந்த விளிம்பில்தான் வழுக்கி விழுகிறது. இந்தச் சின்ன வேலைக்குத்தான் பெரும்பாலும் பணம் ஒதுக்காமல் விடுகிறார்கள். அது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

தடுப்பு வேலியின் தூண் 1.8 மீட்டர், அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள். தூணுக்குத் தூண் 2 மீட்டர். தகடுகளின் இணைப்பு வண்டி போகும் திசையில் மடிந்திருக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் மோதிய வண்டிக்குள் தகடு குத்தும். நேற்று நிரப்பிய மண்ணில், சாய்வின் விளிம்பில் தூண் நட்டால் அதுவும் வண்டியோடு சேர்ந்து போய்விடும். வளைவில் திரும்பும் திசையைக் காட்டும் செவ்ரான் பலகை, ஓரத்தில் வெள்ளைக் கோடு, ஒளிரும் குச்சிகள் மூன்றும் வேண்டும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவில் ஓடும் பருவத்துக்குள் இவை முடிய வேண்டும். வேலை நடக்கும் நாளிலும் வெறும் கல்லையும் முள்ளையும் வைத்து மறைக்காமல், ஒளிரும் பட்டை ஒட்டிய டிரம்மும் இரவு விளக்கும் வையுங்கள்.

கடைசித் தார் அடுக்கை உடனே போடாமல், முடிந்தால் ஒரு மழைக்காலம் விட்டு, இறங்கிய இடத்தைச் சமன்படுத்திய பிறகு போடுங்கள். அந்த மழையின்போது குழாய் வாயில் வரும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக வந்தால் வடிகால் வேலை செய்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் போகிறது, துணி எங்கோ கிழிந்திருக்கிறது; அந்தத் துண்டை மட்டும் திறந்து சரிசெய்ய வேண்டும்.