கஞ்சிப்பாசியும் நாற்பது கேலனும்

ஜனவரி 6
கடல் குதிரைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. நாற்பது கேலன். தண்ணீர் மட்டும் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் வரும். மணலும் பாறையும் தனி. ஸ்டாண்ட் தாங்கும் என்று, விசாவுக்காகச் சென்னையில் காத்திருக்கும் என் கணவர் அங்கிருந்து கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கு யார் கணக்குப் போட்டார்கள்?

ஜனவரி 7
அவர் விசா ஸ்டேட்டஸ் மாறவில்லை.

ஜனவரி 10
கடையில் அகலத் தொட்டியைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவர் போனிலேயே நின்று உயரமானதை வாங்க வைத்தார். கடல் குதிரைக்கு உயரம் வேண்டும். ஜோடி சேரும்போது இரண்டும் வாலைப் பின்னிக்கொண்டு மேலே எழும்புமாம். இடம் போதாவிட்டால் முட்டை ஆணின் பைக்குப் போய்ச் சேராமல் தரையில் கொட்டிவிடும். இதையெல்லாம் இரவு பதினொரு மணிக்கு (அவருக்குக் காலை) உற்சாகமாகச் சொல்கிறார். சரி, தூதரக மெயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க இதுவும் ஒரு வழி.

ஜனவரி 13
தண்ணீர் சோதனை: அம்மோனியா பச்சை, இருக்கிறது. நைட்ரைட் வெளிர் நீலம், இன்னும் இல்லை. ஸ்டேட்டஸ் அதேதான்.

ஜனவரி 17
தொட்டிக்குக் கடற்பாசி இரண்டு வகை, சேட்டோமார்பா ஒரு பந்து, கிராசிலேரியா ஒரு கொத்து வந்தது. கிராசிலேரியாவை வீடியோவில் காட்டியதும் தொண்டியிலிருந்து அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, இது நம்ம கஞ்சிப்பாசி மாதிரியில்ல இருக்கு? இதைக் காசு குடுத்தா வாங்குன?" மண்டபத்தில் சின்ன வயதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுத்தவர் அவர். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன பொருளை அமெரிக்காவில் குடுவையில் போட்டு விற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

விலையைச் சொல்லவில்லை.

ஜனவரி 18
காலெர்பா என்ற பாசியும் வாங்கலாம் என்கிறார் அவர். பார்க்க அழகு, இலை இலையாக மணலில் ஓடும். எனக்கு வேண்டாம். அது திடீரென்று ஒரே இரவில் வெள்ளையாகி, உடம்பில் இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். காலையில் எழுந்தால் தொட்டி முழுக்கப் பால். அப்படி ஒரு செடி இந்த வீட்டில் இப்போது வேண்டாம்.

கடற்புல்லும் வேண்டாம். நாலைந்து அங்குல மணல் கேட்கும், வேர் பிடிக்க மாதக்கணக்காகும்.

ஜனவரி 22
எல்லோரும் பொறுமை பொறுமை என்கிறார்கள். ஆபீஸில், கோயிலில், அக்கா போனில். இந்தத் தொட்டிக்காரர்கள் அதை மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதுவரை காத்திரு. காத்திருக்கிறேன். அவற்றுக்காவது ஒரு வேலை நடக்கிறது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

நைட்ரைட் இன்று கத்தரிப்பூ நிறம், ஏறியிருக்கிறது.

ஜனவரி 23
சின்னவள் கேட்டாள்: "குதிரை முதல்ல வருமா, அப்பா முதல்ல வருவாரா?"

ஜனவரி 27
பாறை இடுக்கில் அய்ப்டேசியா ஒன்று, கொட்டும் கடல் அனிமோன். கண்ணாடிப்பூ போல நிற்கிறது, விரல் நகம் அளவுதான். மற்ற மீன்கள் விலகிப் போய்விடும். கடல் குதிரை எதையாவது வாலால் பிடித்துத்தான் நிற்கும், கொட்டும் பொருள் என்று பார்க்காது. அந்தப் பாறையையே எடுத்து வாளியில் போட்டுவிட்டேன். பவளமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பாசியும் பாறையும் போதும்.

பம்பு உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டினேன்.

பிப்ரவரி 1
அத்தையோடு ஒரு மணி நேரம். கக்குவான் இருமல் வந்த பிள்ளைகளுக்குக் கடல் குதிரையைச் சுட்டுப் பொடித்துக் கொடுப்பார்களாம், என் கணவருக்கும் அத்தை கொடுத்திருக்கிறார். "அவனுக்கு அது மேல ஆசை வந்தது அதனாலதான்" என்றார். காயவைத்ததை வியாபாரிகள் வந்து வாங்கிப் போவார்களாம். 2001-ல் தடை வந்ததும் அது நின்றது, வெளியே தெரிகிற அளவில். இன்று இதே தொட்டியை ஊரில் வைத்தால் வனத்துறை வரும். 2001-ல் வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நேற்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, ஹீட்டர் எத்தனை வாட் என்று பேச்சை மாற்றினார்.

பிப்ரவரி 2
தொட்டியை என்ன செய்வது அப்படியானால்?

பிப்ரவரி 6
அம்மோனியா 0. நைட்ரைட் 0. நைட்ரேட் 10. தொட்டி தயார். மூன்று குழாயையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, குதிரைகளை அனுப்பப்போகும் வளர்ப்பாளருக்கு அனுப்பினேன். அவர் புளோரிடாவில். "நியூ ஜெர்சியில் பனி குறையட்டும்" என்று ஒரு வரி பதில்.

நான் கேட்டிருக்கும் எரெக்டஸ் வகைக் கடல் குதிரை இங்கே ஒரு மணி நேரக் கார் தூரத்தில் பார்னகட் வளைகுடாவின் கடற்புல்லிலும் உண்டு. ஆனால் கடலில் பிடித்தது உறைந்த மைசிஸ் இறாலைச் சாப்பிடப் பழகியிருக்காது. பண்ணையில் பிறந்தது பழகியிருக்கும். இரைப்பையே இல்லாத ஜீவன். உள்ளே போனது சீக்கிரம் வெளியே வந்துவிடும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். நான் ஆபீஸ் போகிற நாளில் மதியம் யார் போடுவது? இதை யோசித்துத்தான் இரவெல்லாம் தூக்கம் இல்லை. அவர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை.

பிப்ரவரி 9
மாறவில்லை.

பிப்ரவரி 14
வீட்டு ஹீட்டிங் ஏறி, தண்ணீர் 76 பாரன்ஹீட். 72-ல் நிற்க வேண்டும். சூடு ஏறினால் விப்ரியோ பாக்டீரியா பெருகும், வால் அழுகும். ஜன்னலைத் திறந்துவைத்தேன். சின்னவள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள், முறைத்தபடி.

பிப்ரவரி 19
வந்தன! ஒரு ஜோடி. பையைத் திறந்துவிட்டு மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்கக் கூடாது என்று வளர்ப்பாளர் படித்துப் படித்துச் சொன்னார். பையில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறியதும் பையில் சேர்ந்திருக்கும் அம்மோனியா விஷமாகிவிடும். வெப்பநிலையை மட்டும் சரிசெய்து உடனே விட்டேன். பெண் நேராகப் போய் கஞ்சிப்பாசியைப் பிடித்தது. ஆண் ஹீட்டர் வயரைப் பிடித்தது. நாற்பது டாலர் பாசி இருக்கிறது, வயர்!

அவர் வீடியோவில் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 20
பெண் நாலு மைசிஸ் சாப்பிட்டது. ஆண் ஒவ்வொன்றையும் பக்கத்தில் போய் ஒற்றைக் கண்ணால் ஆராய்ந்துவிட்டுத் திரும்பியது.

பிப்ரவரி 21
ஆண் இன்றும் சாப்பிடவில்லை. உயிருள்ள இறால் போட்டுப் பார் என்கிறார் வளர்ப்பாளர். கடை ஆறு மணிக்கு மூடுகிறது. காலையில் ஒரு மெயில் வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி என்று அவர் செய்தி. இது நல்லதா கெட்டதா, கேட்டு எழுதிய பதில் இன்னும் டெலிவர் ஆகவில்லை, அங்கே இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். முதலில் இறால்.